ஊசி யார் கையில்?

வீட்டில் இருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையின் தரத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: “இவங்களுக்குச் சரியான ட்ரெயினிங் இல்லை.” மருத்துவர் சொல்கிறார். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் சொல்கிறார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவுக்கு ஆள் தேடும் மகனும் சொல்கிறார். இந்த ‘இவங்க’ யார் என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் பெண்கள். பள்ளிப்படிப்பை நடுவில் விட்டவர்கள், கணவனை இழந்தவர்கள் அல்லது கணவன் விட்டுப்போனவர்கள், வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர்கள்.

நான் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுத்தவள். இப்போது மதுரையில், வீடுகளுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பயிற்சியே வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. பயிற்சி உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஆனால் அந்தச் சான்றை நிதானமாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும். வேலை செய்பவளிடம் தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கும் கல்விதான் தரத்தை உயர்த்தியது. அந்த உரிமையைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலைப் பட்டியலை மட்டும் கொடுக்கும் கல்வி, தவறு நடந்தால் அவளைக் குற்றம் சொல்லத்தான் உதவுகிறது.

சான்று மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலிருந்து வருகிறது. மருத்துவர்கள் ராணி பங், அபய் பங் இருவரும் 1986இல் அங்கே ‘சர்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பிறந்த முதல் மாதத்திலேயே குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த ஊர்கள். மருத்துவமனை தொலைவு, பிரசவமான பெண்ணும் பச்சைக்குழந்தையும் வீட்டைவிட்டு வெளியே வராத வழக்கம் வேறு. 1995 முதல் 39 கிராமங்களில், அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையை எடை போட, காய்ச்சல் பார்க்க, மூச்சை எண்ண, பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சு கொடுக்க, இரத்தத்தில் கிருமித்தொற்று பரவியதன் அறிகுறிகளைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கண்டுபிடித்தபின் வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, 1997-98இல் ஏறத்தாழ 25 ஆனது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட கிராமங்களில் அப்படி எதுவும் குறையவில்லை. 1999இல் ‘லான்செட்’ இதழ் இந்த முடிவுகளை வெளியிட்டது.

இதே அமைப்பு அதற்கு முன்பே செய்த ஒரு கருவியை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். நிமோனியா வந்த குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஊர் மருத்துவச்சிகள் பலருக்கு அவ்வளவு தூரம் எண்ணத் தெரியாது. இதைப் பார்த்ததும் “படிக்காத பொம்பளைங்க, இவங்களை வைத்து என்ன செய்ய முடியும்” என்று விட்டிருக்கலாம். அவர்கள் கருவியை மாற்றினார்கள். ஒரு சட்டத்தில் கோர்த்த மணிகள், ஒரு நிமிட மணற்கடிகாரம். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீரும்போது எத்தனை மணி நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் நோய் தெரிந்துவிடும். பத்து வரை எண்ணத் தெரிந்த ஒரு பெண் நோயை அறிகிறாள். அவளுடைய குறை என்று எல்லோரும் சொன்னதை, கருவியின் குறை என்று பார்த்த இடத்தில்தான் கல்வி தொடங்குகிறது.

இந்த அறிவு தேசியத் திட்டமானபோது என்ன ஆனது? 2005இல் வந்த கிராமப்புறச் சுகாதார இயக்கத்தின் ஆஷாக்களிடம், 2011இல் பச்சிளங்குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்பு ஒப்படைக்கப்பட்டது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாளுக்குள் 6 முறை, வீட்டில் பிறந்ததை 7 முறை போய்ப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து 250 ரூபாய். அந்தப் பணம் கைக்கு வர, எடையைப் பதிந்திருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பிறப்பைப் பதிவு செய்திருக்க வேண்டும். தாயும் குழந்தையும் 42ஆம் நாள் வரை நலமாகவும் இருக்க வேண்டும் என்றது 2011இன் வழிகாட்டி. உயிரோடு இருப்பதை ஒரு பெண்ணின் 250 ரூபாய்க்கு நிபந்தனையாக எழுதிய கை எந்த மருத்துவருடைய சம்பளத்துக்கும் அப்படி எழுதியிருக்காது.

ஊசி என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். தேசியத் திட்டத்தில் ஆஷாவின் முதன்மையான வேலை, அறிகுறியைக் கண்டு மருத்துவமனைக்கு அனுப்புவது என்றானது. 2014இல் இந்திய அரசு ஜென்டாமைசின் ஊசியைக் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் துணைச் செவிலியர்கள் போடலாம் என்று வழிகாட்டி வெளியிட்டது. ஊர்ப்பெண்ணின் கையில் நிரூபணமான ஒன்று, ஒரு படி மேலே ஏறிவிட்டது. அளவு கூடினால் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும் மருந்து அது. ஆகவே தயக்கம் நியாயமற்றது என்று ஒரு செவிலியாக என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தயக்கத்துக்குக் கட்சிரோலியில் பதில் இருந்தது: நெருக்கமான மேற்பார்வை, திரும்பத் திரும்பக் கற்பித்தல், அவள் எழுதியதை நேரில் வந்து சரிபார்த்தல். அதற்குச் செலவாகும். பெண்ணின் வீட்டுப் படியேறும் உழைப்பை எடுத்துக்கொண்டோம். அவள்மீது செலவழிக்க வேண்டியதையும் அவளுக்குக் கொடுத்த நம்பிக்கையையும் விட்டுவிட்டோம்.

இனி நகரத்து வீடுகளுக்கு வருகிறேன். ஏஜென்சி ஒன்று தன் பணியாளர்களுக்குக் கொடுக்கும் கையேட்டை என் மாணவி ஒருவர் கொண்டுவந்து காட்டினார். தலையை வாரிக் கட்ட வேண்டும், சத்தமாகப் பேசக் கூடாது, போனில் பேசக் கூடாது, வீட்டுக்காரர்களிடம் சொந்தக் கதை சொல்லக் கூடாது என்று முதல் நான்கு பக்கங்கள் ‘கூடாது’களால் நிரம்பியிருந்தன. சர்க்கரை குறைந்து நோயாளி வியர்த்து மயங்கினால் என்ன செய்வது என்பதற்கு ஒரே வரி: “உடனே குடும்பத்தாருக்குத் தெரிவிக்கவும்.” குடும்பத்தார் அலுவலகத்திலோ அமெரிக்காவிலோ இருந்தால்? நினைவும் விழுங்கும் திறனும் இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும், நினைவு தப்பியபின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளப் பட்டப்படிப்பு தேவையில்லை. அதைச் செய்யும் துணிவும், செய்தால் வேலை போகாது என்ற உறுதியும்தான் தேவை. கையேட்டில் முதலாவதும் இல்லை, இரண்டாவதும் இல்லை.

படுக்கைப்புண் பாடம் எடுக்கும்போது ஒருவர் கேட்டார்: “மேடம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும்னு சொல்றீங்க. எனக்கு இருபத்திநாலு மணி நேர டூட்டி. நான் எப்ப தூங்குறது?” பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது. மருத்துவமனையில் அந்த விதியைப் பின்பற்ற மூன்று ஷிஃப்ட் இருக்கிறது. வீட்டில் ஒரே உடல்தான் இருக்கிறது. கனமான நோயாளியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அடியில் விரிப்பைப் போட்டு இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறேன். அந்த இரண்டாவது ஆள் வீட்டில் இருக்கும் மகனாக இருக்கலாம். ஆனால் “அதுக்குத்தானே காசு கொடுக்கிறோம்” என்று அவர் அறைக்கு வெளியே நிற்கிறார். புண் வந்தபின் சொல்லப்படும் காரணம் மட்டும் “ட்ரெயினிங் இல்லை.”

மலம் அள்ளும் வேலைக்கு இந்தச் சமூகம் வைத்திருக்கும் இடம் எதுவென்று நமக்குத் தெரியும். கையுறை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று பாடத்தில் உண்டு. ஒரு நாளைக்கு ஒரே ஜோடி கையுறைதான் வாங்கித் தருவோம் என்னும் வீட்டில் என்ன செய்வது என்று இல்லை. அப்பாவின் வாய்க்குச் சோறு ஊட்டும் அதே கைக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்கும் வீட்டைப் பற்றியும் இல்லை. நோயாளியின் உடலைத் தொடலாம், வீட்டின் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்றால் அங்கே பாடம் தேவைப்படுவது யாருக்கு?

பயிற்சியைக் கட்டாயமாக்கினால் மதிப்பு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவின் கதை பயன்படும். அங்கே 1974இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை வீட்டுப் பணியாளர்களுக்கு விரிவாக்கியபோது, முதியவர்களுக்குத் ‘துணை’யாக இருப்பவர்களை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். 1987இல் வந்த சட்டத்தின் வழியாக, அரசுக் காப்பீடான மெடிகேரின் பணத்தைப் பெறும் நிறுவனங்களின் உதவியாளர்களுக்குப் பயிற்சி கட்டாயமானது. குறைந்தது 75 மணி நேரம், அதில் 16 மணி நேரம் செய்முறை. கற்றுக்கொள் என்று ஒரு சட்டம் சொன்னது. நீ செய்வது துணையிருத்தல்தான் என்று இன்னொரு சட்டம் சொன்னது. ஜமைக்காவிலிருந்து நியூயார்க்குக்கு வந்து இந்த வேலையைச் செய்த ஈவ்லின் கோக் என்ற பெண் மிகைநேரக் கூலி கேட்டு வழக்குப் போட்டார். 2007இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2013இல் தொழிலாளர் துறை விதியை மாற்றி, அது 2015இல் நடைமுறைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அங்கே ‘துணை’. இங்கே ஆஷா ‘செயற்பாட்டாளர்’. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வீடு வீடாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண்கள் ‘தன்னார்வலர்’. 2024இல் ஐக்கிய நாடுகளின் விருது பெற்ற திட்டம் அது. வயதான பெண்களின் வாசலுக்கு மருந்து வருவதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வேலைக்குப் பயிற்சி, பதிவேடு, இலக்கு, மேற்பார்வை எல்லாம் இருக்கிறது என்றால் அது வேலைதான். அதற்கு அன்பின் பெயரையோ சேவையின் பெயரையோ வைப்பது, கூலியைப் பற்றிப் பேசவிடாமல் செய்யும் பழைய தந்திரம். வீட்டில் அம்மாவிடமும் மருமகளிடமும் செய்து பழகிய தந்திரம். ஆஷாக்களை 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்துப் பாராட்டியது. 2025 பிப்ரவரியில் கேரளத்தின் ஆஷாக்கள் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்து கேட்டது மதிப்பூதிய உயர்வையும் ஓய்வுக்காலத் தொகையையும்.

ஆகவே தரத்தை உயர்த்தும் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், வகுப்பறைக்கு வெளியிலிருந்துதான் தொடங்குவேன். வேலைக்கு ஆள் வருமுன் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு, முக்கியமாக ஆண்களுக்கு, ஒரு நாள் வகுப்பு கட்டாயம் வேண்டும். தூக்குவதும் திருப்புவதும் அவர்களுக்கும் தெரிய வேண்டும். இரவு முழுக்கத் திருப்ப வேண்டிய நோயாளிக்கு ஒருவரை மட்டும் அனுப்பும் ஏஜென்சிக்கு அனுமதி கூடாது. எந்த நிலையில் அவளே முடிவெடுக்கலாம், எந்த நிலையில் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டுக்கொள்ள எந்த நேரமும் ஒரு செவிலியர் போனில் கிடைக்க வேண்டும். அவள் தன் கையெழுத்தில் எழுதும் நோட்டை மருத்துவர் படித்துக் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு பாடம் முடித்ததற்கும் கூலி கூட வேண்டும். கூடாத சான்றிதழ் சுவரில் மாட்டும் காகிதம்தான்.

என் வகுப்பில் இப்போது தூக்குதல் பாடத்தோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கிறேன்: “இதை நான் தனியாகச் செய்ய மாட்டேன், நீங்களும் கை கொடுங்கள்.” ஒவ்வொருவரையும் எழுந்து நின்று இதைச் சத்தமாகச் சொல்ல வைக்கிறேன். ஊசி போடுவதைவிட இதற்குத்தான் அவர்களுக்கு நிறைய ஒத்திகை தேவைப்படுகிறது.