ஔவையாரும் கள்ளும்

சங்கச் சான்றோராகிய ஔவையார் அதியமானொடு கள்ளுண்டு மகிழ்ந்தவர் என்று கூறத் தயங்குவார் இன்றும் உளர். நீதிநூல் பாடிய பிற்கால ஔவையாரொடு இவரை ஒருவராகக் கருதி மயங்கியதும், திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையைச் சங்கப் பாட்டின்மேல் ஏற்றியதும் இத்தயக்கத்திற்குக் காரணங்களாம்.

புறநானூற்று 235ஆம் பாட்டு இத்தயக்கத்திற்கு இடந்தருவதன்று. கள் சிறிதே கிடைத்தவழி அதியமான் அதனை ஔவையார்க்கே ஈந்தான். மிகுதியாகக் கிடைத்தவழி அவர் பாடத் தானும் உண்டு மகிழ்ந்தான். பின்னதிலும் ஔவையார் உண்டே பாடினார் என்பது பழைய உரைகாரர் கருத்து.

56ஆம் பாட்டொடு இதனை ஒப்புநோக்குதல் தகும். ஆண்டு நக்கீரர் காட்டும் மகளிர் யவனர் தந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்திப் பாண்டியன் நன்மாறனுக்கு ஊட்டுவோரே, உண்போராகக் கூறப்பட்டிலர். பட்டினப்பாலை மகளிர் மதுவுண்டு மகிழ்வர்; எனினும் அவர்தம் குரலை நாம் கேட்டிலோம். ஔவையாரோ உடனுண்ணும் தோழமையர்; அதனைத் தாமே நாணமின்றிக் கூறுபவர். இத்துணிவு அவர்தம் புலமையால் வந்தது. ஆதலின், இதனை அக்கால மகளிர் அனைவர்க்கும் பொதுவெனக் கோடல் பொருந்தாது.

கள்ளை மறைப்பின் இழப்பது யாது? 232ஆம் பாட்டு விடை தரும். நாடு கொடுப்பினும் கொள்ளாத அதியமான், நடுகல்லின்முன் சிறுகலத்தில் உகுக்கும் கள்ளைக் கொள்வானோ எனக் கலங்குகின்றார் ஔவையார். கூடியுண்ட இன்பத்தை அறிந்தார்க்கே அச்சிறுகலத்தின் துயரம் முழுதும் புலனாகும்.