திரையை நிறுத்தத் தெரிந்தவர்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குள் தொழில்நுட்பம் மிக வேகமாக வந்து சேர்ந்திருக்கிறது. 2018-இல் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். கோடு அச்சானது. அடுத்த ஆண்டு கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு, ஆசிரியர் கைகளில் டேப்லெட். 2025-இல் செயற்கை நுண்ணறிவும் ரோபோட்டிக்ஸும் கற்பிக்க ‘டி.என். ஸ்பார்க்’ பாடத்திட்டம் அறிவிக்கப்பட்டது. எத்தனை பள்ளிக்குக் கருவி போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு அரசிடம் இருக்கும். அந்தக் கருவியை வைத்துக் கிராமத்து வகுப்பில் பாடம் எப்படி நடக்கிறது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

பின்னம் நடத்துவதையே எடுத்துக்கொள்வோம். இரண்டில் ஒரு பங்கு பெரியதா, மூன்றில் ஒரு பங்கு பெரியதா என்று கேட்டால், மூன்று பெரிய எண் என்பதால் மூன்றில் ஒன்றுதான் என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. கரும்பலகையில் கையால் போடும் பங்குகள் சமமாக விழுவதில்லை; குழப்பம் கூடும். திரையில் ஒரே நீளமுள்ள இரண்டு பட்டைகள் வருகின்றன. ஒன்று இரண்டாகவும் மற்றது மூன்றாகவும் பிரிகின்றன. துண்டுகள் நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று உட்காருகின்றன. நல்ல ஆசிரியர் பட்டை பிரிவதற்கு முன்பே படத்தை நிறுத்திவிடுவார். “எது பெருசா வரும்? கை தூக்குங்க” என்பார். தவறான விடைக்குக் கை தூக்கிய பிள்ளையிடம் “ஏம்மா அப்படி நினைக்கிற?” என்று கேட்டு, அவள் சொல்வதை முழுதாகக் கேட்ட பிறகே ஓடவிடுவார். மூன்று நிமிடக் காணொலிக்கு ஒரு பீரியட் போய்விடும். ஆனால் தான் நினைத்தது கண்முன்னே மாறியதைப் பார்த்த பிள்ளைக்கு அது மனதில் தங்கும். நிறுத்தாமல் ஓட்டினால் ரசித்துப் பார்ப்பார்கள், கோரஸாக விடை சொல்வார்கள், மறுநாள் நோட்டில் பழைய தவறையே எழுதுவார்கள்.

நிறுத்துவதற்கு ஆள் வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஒரே ஆள். அப்போது திரையின் வேலை மாறிவிடுகிறது: ஒரு வகுப்பைப் படத்தின் முன் உட்காரவைத்தால்தான் இன்னொரு வகுப்புக்கு எழுத்துச் சொல்லித்தர முடியும். ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலியிடத்தை நிரப்பாமல் ஸ்மார்ட் போர்டை மட்டும் மாட்டியவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இருக்கிற ஆசிரியரின் நேரத்தையும் இதே தொழில்நுட்பம் தின்கிறது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்களின் நிலையறிந்து பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. அருமையான யோசனை. ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்ற வேண்டும். வருகை முதல் நலத்திட்டப் பொருள் வரை ‘எமிஸ்’ என்னும் கல்வித் துறைத் தகவல் தளத்தில் என்ட்ரி போட வேண்டும். டவர் கிடைக்காத ஊரில் போனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் மூலைக்கு நடக்கிறார் ஆசிரியர். பதிவு தாமதமானால் மேலிருந்து கேள்வி வருகிறது. மொட்டு நிலைப் பிள்ளை ஏன் மலருக்கு நகரவில்லை என்று உட்கார்ந்து யோசிக்க அவருக்குப் பொழுது எங்கே?

கியூ.ஆர். கோடு வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் சும்மா இருக்கும் என்று நம்பி அச்சிடப்பட்டது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்த ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறது. இரவு திரும்பும்போது சார்ஜும் இருக்காது, டேட்டாவும் இருக்காது. இருந்தாலும் அண்ணன் கைக்குப் போன பிறகே தங்கைக்கு.

மொழியும் ஒரு தடை. தாளவாடி மலைப்பகுதியில் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளை, காணொலியின் எழுத்துநடைத் தமிழைப் பாதியில் தவறவிடுகிறது. பிள்ளையின் மொழியில் ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் அந்தப் பாடம் உள்ளே போகும்.

வெளியூர் அனுபவங்களும் இதையே காட்டுகின்றன. பெரு நாட்டின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது: கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளைப் பயன்படுத்திய, பள்ளி நேரத்துக்கு வெளியே இயங்கிய மையங்களில் நாலரை மாதத்தில் கணிதமும் இந்தியும் நன்றாகவே உயர்ந்தன. அந்த மென்பொருள் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பார்க்காமல், எந்த நிலையில் நிற்கிறது என்று கண்டு அங்கிருந்து கேள்வி கேட்டது. நாற்பது பேர் வகுப்பில் எந்த மனிதராலும் தினமும் செய்ய முடியாத வேலை அது. கணினியின் மெய்யான பலம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த மையங்களிலும் ஒன்றரை மணி நேரத்தில் பாதி, சிறு குழுவோடு உதவி ஆசிரியர் உட்கார்ந்த நேரம்.

நம் ஊர்ச் சான்றுதான் எனக்கு முக்கியம். கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளை அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தால் வந்தது. அங்கே மாலையில் ஊர்த் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். அந்தத் தன்னார்வலர்கள் பதிவு செய்துகொண்டது இணையத்தின் வழியேதான். பிள்ளைக்கும் சொல்லித்தருபவருக்கும் நடுவில் வந்து நிற்காமல், பின்னாலிருந்து ஆளைத் திரட்டிக் கொடுத்தது தொழில்நுட்பம். கிராமத்துக்கு இந்த ஏற்பாடே பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

டி.என். ஸ்பார்க் கிராமத்து நடுநிலைப் பள்ளிகளுக்கும் போகத்தான் வேண்டும். செயற்கை நுண்ணறிவை நகரத்துப் பிள்ளை மட்டும் கற்றுக்கொள்வது அநியாயம். போகும்போது கணினி வாங்கும் அரசாணையிலேயே, பழுதானால் தலைமையாசிரியரே உள்ளூரில் ஆள் கூப்பிட்டுச் சரிசெய்ய ஆண்டுதோறும் ஒரு தொகையும், எமிஸ் பதிவுக்குத் தனி ஆளும், எட்டு வகுப்புக்கும் போதுமான ஆசிரியர்களும் சேர்த்து எழுதப்பட வேண்டும்.