ஒருவருக்கு ஓர் ஐடி: விதி சரி, பிடிக்கும் முறைதான் கோளாறு

இணைய விளையாட்டில் ஒருவரே இரண்டு மூன்று ஐடி போட்டு ஆடுவதைத் தடுக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2007-இல் போக்கர்ஸ்டார்ஸ் நடத்திய உலக இணையப் போக்கர் சாம்பியன்ஷிப்பின் முதன்மைப் போட்டியில் வென்ற கணக்கு, இந்த விதியை மீறியதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. அதற்கு உரியதாக அறிவிக்கப்பட்டிருந்த பரிசு 12 லட்சம் டாலருக்கு மேல். ஒரே பந்தயத்தில் ஒருவர் இரண்டு பெயரில் உட்காருவது கள்ள ஓட்டுப் போடுவதற்குச் சமம்.

பணம் புழங்காத ஆட்டத்திலும் பாதிப்பு குறைவில்லை. டோட்டா 2-இல் அணிக்கு ஐந்து பேர். ஆயிரக்கணக்கான மணிநேரம் ஆடிப் பழகிய ஒருவர் புது ஐடியில் கற்றுக்குட்டிகளோடு வந்து இறங்குகிறார். பத்து நிமிடத்தில் நடு லேன், அதாவது களத்தின் நடுப்பாதை, சரிந்துவிடும். அதன் பிறகு முக்கால் மணிநேரம் வரைக்கும் எதிரணி ஐந்து பேரும் வெறுமனே அடிவாங்க வேண்டியதுதான். பாதியில் எழுந்து போனால் அதற்கும் தண்டனை உண்டு. தோற்றவர்களையே கட்டிப்போடும் இந்த ஏற்பாடு, ஏமாற்றியவரைப் பிடிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் தலையில்தான் வைக்கிறது.

அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுகிறார்கள்? மலிவான வழி, ஐபி முகவரியைப் பார்ப்பது. ஒரே முகவரியிலிருந்து இரண்டு ஐடி வந்தால் இரண்டும் ஒருவருடையவை என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கின்றன. கல்லூரி விடுதியின் வைஃபையும் அப்படித்தான். இதை மட்டும் வைத்து ஐடியை முடக்குவது அண்ணன் தம்பியையும் அறைத்தோழர்களையும் ஒரே ஆளாக்கிவிடும். முகவரியை வைத்துச் சந்தேகப்படலாம், தண்டிக்கக் கூடாது.

அடுத்தது மொபைல் எண். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வெளியானபோது, ஆட வரும் ஒவ்வொருவரும் ஓர் எண்ணை இணைக்க வேண்டும் என்றது அதை வெளியிட்ட பிளிசார்ட் நிறுவனம். ப்ரீபெய்ட் எண்கள் செல்லாது என்றும் சொன்னது. மாதக் கட்டணத் திட்டம் எடுக்க வசதியில்லாதவர்கள், ஏற்கெனவே முதல் ஓவர்வாட்சைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் உட்பட, வாசலிலேயே நின்றார்கள். எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களில் பழைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு விலக்கு கிடைத்தது. புதிதாக வருபவர்களுக்கு நிபந்தனை தொடர்ந்தது. இதே விதியை இந்தியாவில் வைத்துப் பாருங்கள். இங்கே பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் தன் பெயரில் 9 சிம் வரை வைத்திருக்கலாம். வசதி உள்ளவருக்கு 9 ஐடி. ஒரு போனைப் பங்கு போட்டுக்கொள்ளும் மூன்று பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று. தடுக்க வேண்டியவரை விட்டுவிட்டு மற்றவரை மறிக்கும் இந்த முறையை நான் ஏற்கவில்லை.

நிறுவனங்களின் நேர்மையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஈவ் ஆன்லைன் என்ற ஆட்டத்தில் இலவசக் கணக்கை இன்னொரு கணக்கோடு ஒரே நேரத்தில் திறக்க முடியாது. சந்தா கட்டிய கணக்குகளை எத்தனை வேண்டுமானாலும் திறக்கலாம். ஒரே விசை அழுத்தத்தை எல்லாக் கணக்குக்கும் பரப்பும் மென்பொருளை மட்டும் 2015 ஜனவரி முதல் தடுத்தார்கள். காசு கட்டினால் நியாயம், கட்டாவிட்டால் குற்றம் என்பதை நேர்மை என்று என்னால் சொல்ல முடியாது.

உருப்படியான வழி பழைய ஆட்டம் ஒன்றில் இருக்கிறது. 2002-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஓகேமில் உலோகம், படிகம் தோண்டிக் கப்பல் கட்டுவார்கள். இரண்டாவது ஐடியில் தோண்டியதை முதல் ஐடிக்கு அனுப்புவதுதான் அங்கே வழக்கமான மோசடி. ஒருவருக்கு ஒரு கணக்கு என்ற விதியோடு இன்னொன்றும் வைத்தார்கள்: பலவீனமான கணக்கு, பலமான கணக்குக்கு ஈடு வாங்காமல் சரக்கு அனுப்பக் கூடாது. பின்னால் இருப்பது ஒருவரா இருவரா என்று துருவ வேண்டியதில்லை. கைமாறிய சரக்கே சாட்சி. ஒரே இணைப்பில் ஆடுபவர்கள் முன்கூட்டியே தெரிவித்துவிடவும் வழி இருந்தது.

2023 செப்டம்பரில் டோட்டா 2-ஐ நடத்தும் வால்வ் நிறுவனம் அதில் 90,000 கள்ள ஐடிகளை முடக்கியது. அவற்றின் மூலக் கணக்குகளையும் கண்டுபிடித்துவிட்டதாகவும், இனிமேல் தண்டனை மூலக் கணக்கையும் தொடலாம் என்றும் அறிவித்தது. இது சரியான இடத்தில் விழுந்த அடி. தூக்கியெறியப் பிறந்த ஐடியை முடக்கினால் யாருக்கும் வலிக்காது, பல ஆண்டு உழைத்த கணக்கு போகும் என்றால் யோசிப்பார்கள். எப்படிக் கண்டுபிடித்தோம் என்று வால்வ் விளக்கவில்லை. விளக்கினால் மோசடிக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள் என்பது நியாயமான பதில்தான். ஆனால் முறையை மறைக்கலாம், குற்றச்சாட்டை மறைக்கக் கூடாது. ஆட்டத்தைக் கவனித்துப் பிடிப்பதில் தாமதம் உண்டு, அதற்குள் சில போட்டிகள் பாழாகும். ஒரு குற்றமும் செய்யாதவரின் ஐந்தாண்டுக் கணக்கை அழிப்பதைவிட அந்த இழப்பு சிறியது.

ஆகவே என் தீர்ப்பு: விதி இருக்கட்டும், கடுமையாகவே இருக்கட்டும். ஐபியையும் சிம்மையும் வைத்துத் தீர்ப்பெழுதுவதை நிறுத்துங்கள். தடை விதிக்கும்போது எந்த ஐடிக்கும் எந்த ஐடிக்கும் இடையே, எந்த ஆட்டத்தில், என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள். மேல்முறையீட்டை ஒரு மனிதர் படித்துப் பதில் எழுதட்டும்.