கட்டைவிரலின் ஞாபகம்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் பொன்னியின் தரம் பார்ப்பவர், மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழுந்த மணிகளைக் கட்டைவிரலால் ஒருமுறை உருட்டியதுமே முகத்தில் தீர்ப்புத் தெரிந்துவிடும். அத்தொழிலில் நாற்பது வருஷம் கழித்த என் சித்தப்பா, திருச்சி மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டைத் துவாரத்தின் வழியே இயந்திரம் ஊட்டிய சுவாசத்தோடு, இரவு பகல் என்ற பிரக்ஞையும் மங்கிக் கிடந்த நாளில்தான், தொழில்வழிச் சிகிச்சை என்னும் சாஸ்திரத்துக்குள் ஒரு கலை ஒளிந்திருப்பதை நான் கண்டேன்.

சிகிச்சை அளிக்க வந்த பெண், எடுத்த எடுப்பில் அவர் கையை மடக்கி நீட்ட முற்படாமல், "ஐயா என்ன வேலை பாத்தாங்க?" என்று என்னிடம் விசாரித்தாள். பிறகு அவருடைய இடக்கையை அவர் விலாவின்மேலேயே வைத்து, மார்பு எழுந்து தாழும் லயத்தை அந்தக் கையே அறியச் செய்து, வலக்கையை மெல்ல விரித்துவிட்டு, "கையில அரிசி இருக்குங்க ஐயா, மூச்சு வெளிய போறப்ப உருட்டிப் பாருங்க" என்றாள்.

அதன்பின் அவள் காத்த மௌனமே ரசனைக்குரியது. நாடித் துடிப்பைக் காட்டும் திரையில் ஒரு கண்ணும் விரலில் ஒரு கண்ணுமாக, பாடகரின் மூச்சறிந்து ஒதுங்கி நிற்கும் பக்கவாத்தியக்காரரைப்போல் அவள் காத்திருக்க, ஐந்தாவது மூச்சில் வெறுங்கையின்மேல் கட்டைவிரல் அசைந்தது. துடிப்பு ஏறத் தொடங்கியதும், "இன்னிக்குப் போதுங்க" என்று முடித்துக்கொண்டாள்.

அவள் கற்ற தொழில்வழிச் சிகிச்சைக்கு, 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் நம் நாட்டின் முதல் பள்ளியைத் தொடங்கினார். அதன் பலனுக்குச் சான்றும் உண்டு: சுவாச இயந்திரத்திலிருந்த 104 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி, 2009இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வொன்றில், மயக்க மருந்தை நாள்தோறும் நிறுத்திய விழிப்பு வேளையிலேயே உடற்பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும் பெற்றவர்களில் 59 சதவீதத்தினர் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் மருத்துவமனையை விட்டு நீங்கினர். மற்றவர்களில் 35 சதவீதத்தினரே அவ்வாறு மீண்டனர். இவர்களிடம் நான்கு நாள் நீடித்த சித்தக் கலக்கமும் முன்னவர்களிடம் இரண்டு நாளாகக் குறைந்தது. மனம் தெளியட்டும், பிறகு உடம்புக்கு வேலை கொடுப்போம் என்று நாம் எண்ணுகிறோம்; பழகிய வேலையின் சுவடு பற்றித்தான் மனம் உடம்புக்குத் திரும்பிவருகிறதுபோலும்.

குழாயை எடுத்துப் பொது வார்டுக்கு மாற்றிய பிறகு, அவள் கிண்ணத்தில் நிஜ அரிசியையே கொண்டுவந்தாள். உருட்டிப் பார்த்த சித்தப்பா, இன்னும் தேறாத குரலில் சொன்னார்: "ஈரம் நிக்குதும்மா, வாங்காதே."