விசை முடுக்கிய மனிதன்

குற்றம் செய்தவனை ஒறுப்பதா, திருத்துவதா என்னும் வினா அரசு தோன்றிய நாள்தொட்டு இருந்து வருவது. 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் இதற்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறார்: குற்றத்தைத் தக்கவாறு ஆராய்தல், அது மீண்டும் நிகழாதவாறு காத்தல், குற்றத்திற்கு ஒத்த அளவில் ஒறுத்தல். பாலியல் குற்றவாளிகளுக்கு ஹார்மோனை அடக்கும் மருந்து கொடுப்பதைச் சில நாடுகள் சட்டமாக்கியுள்ளன. அதனை எதிர்ப்போர் சான்று காட்டும் நாவல்களுள் ஒன்று, அந்தோணி பர்ஜெஸ் 1962இல் வெளியிட்ட 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்'. அந்நாவல் இவ்வழக்கிற்கு எந்த அளவு சான்றாகும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பர்ஜெஸ் மலாயா மண்ணை அறிந்தவர். 1954இல் இங்கு வந்து கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். மலாய் மொழியில் 'ஓராங்' என்பது மனிதனைக் குறிக்கும். நாவலின் தலைப்பில் அச்சொல்லின் எதிரொலி உண்டென அவரே சுட்டியுள்ளார். விசை முடுக்கிய மனிதன் என்பது அதன் உட்பொருள்.

கதைத்தலைவன் அலெக்ஸ் பதினைந்து வயதினன். கொள்ளை, வன்புணர்ச்சி, கொலை எனக் கொடுமை புரிந்து பதினான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெறுகிறான். இரண்டே வாரத்தில் விடுதலை என்னும் ஆசையால் 'லுடோவிகோ' சிகிச்சைக்குக் கையெழுத்திடுகிறான். ஊசி மருந்து செலுத்தி, வன்முறைப் படங்களை இடைவிடாது காணச் செய்கின்றனர். அதன்பின் தீமையை எண்ணினாலே அவனுக்குக் குமட்டல் எழுகிறது; உயிராய்ப் போற்றிய இசையும் நஞ்சாகிறது. தேர்ந்தெடுக்கும் ஆற்றலை இழந்தவன் நல்லவன் ஆவானா எனச் சிறைப் பாதிரியார் ஐயுறுகிறார். நாவலின் உயிர்நாடி அவ்வினாவே.

உண்மை மருந்தோ வேறு வகையானது. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், சைப்ரோடிரோன், லியூப்ரோலைடு முதலியன ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் அளவைக் குறைத்துப் பாலியல் வேட்கையைத் தணிக்கின்றன. அவை அருவருப்பைப் புகுத்துவதில்லை. அடங்காத வேட்கையால் அலைக்கழிக்கப்பட்டு, தானே உதவி நாடி வருபவனுக்கு இம்மருந்து தேர்வைப் பறிப்பதன்று. தேர்வதற்கு இடம் தருவது. எலும்பு நலிவு போன்ற தீங்குகளும் இதற்கு உண்டு. சினத்தாலும் ஆதிக்க வெறியாலும் பெண்ணைச் சிதைப்பவனின் உள்ளத்தை இது தொடுவதும் இல்லை. ஆகவே லுடோவிகோவும் இதுவும் ஒன்றே என்பது மேலோட்டமான ஒப்பீடு.

ஆயின், இசைவு பற்றிய ஒப்பீடு பொய்க்கவில்லை. கணித அறிஞர் ஆலன் டூரிங், மற்றோர் ஆடவருடன் இசைந்து கொண்ட உறவுக்காக 1952இல் இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டார். சிறையா, ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையா என்ற நிலையில் சிகிச்சையை ஏற்றார். 1954இல் இறந்தார், 2013இல்தான் அவருக்கு அரச மன்னிப்பு கிட்டியது. எவருக்கும் தீங்கிழைக்காத செயலைக் குற்றமென்று கொண்ட இடத்திலேயே முதல் அளவுகோலான ஆராய்தல் தவறிப் போயிற்று. சிறைக்கதவைக் காட்டிப் பெறும் கையெழுத்தை இசைவு எனல் தகுமா என்பதை அலெக்ஸின் கையெழுத்தும் உணர்த்துகிறது.

நாவலின் மருத்துவர்கள் அரசின் கருவிகளாக மகிழ்ந்து இயங்குகின்றனர். இந்தோனேசியாவில் 2016இல் இத்தண்டனை சட்டமானபோது, அந்நாட்டு மருத்துவர் சங்கம் அதனை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்க மறுத்தது. நோய் தீர்க்கும் கை தண்டிக்கும் கையாகலாகாது என்னும் அறம் அம்மறுப்பில் விளங்குகிறது.

இருபத்தொன்றாம் அத்தியாயத்தில் அலெக்ஸ் வயது முதிர்ந்து, வன்முறையில் சலிப்புற்று, மனைவியையும் மகனையும் கனவு காண்கிறான். அமெரிக்கப் பதிப்பு இவ்வத்தியாயத்தை நீக்கியது. 1971இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய திரைப்படமும் அவ்வாறே முடிந்தது. இந்நீக்கம் நாவலின் பொருளையே மாற்றிவிட்டது. காலம் மனிதனை மாற்றக்கூடும் என்பதன்றோ அவ்வத்தியாயத்தின் செய்தி? தென்கொரியாவில் 2011 முதல் நீதிமன்றம் இச்சிகிச்சைக்கு ஆணையிடலாம். சிறைவாசத்திற்குப் பின் சிகிச்சை தொடங்கும் வேளையில், அது இன்னும் தேவையா எனக் கேட்க வழியில்லாதிருந்ததை அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2015இல் குறையெனக் கண்டது. நீக்கப்பட்ட அத்தியாயம் சட்டத்தின் வாயிலாக மீண்டும் பேசியது எனலாம்.

நாவலின் பெருங்குறை ஒன்றையும் மறைத்தலாகாது. அலெக்ஸ் சிதைத்த பத்து வயதுச் சிறுமியர் இருவர், அக்காட்சி முடிந்தபின் கதையில் இடம்பெறுவதே இல்லை. குற்றவாளியே கதைசொல்லியாதலால் அவன் வலி முழுமையாகவும், அவர்கள் வலி நிழலாகவும் பதிவாகின்றன. அவன் இழந்த இசைக்கு இரங்கும் படிப்பவர், அவர்கள் இழந்த குழந்தைமையை மறந்துவிடுகின்றனர். இன்னொரு சிறுமிக்கு இக்கொடுமை நேராமல் காப்பது எங்ஙனம் என்னும் இரண்டாம் அளவுகோலுக்கு நாவலில் விடையில்லை. இதனை மட்டுமே சான்றாகக் கொண்டு மருந்தை மறுப்பது ஒருபக்கத் தீர்ப்பேயாம்.

மருந்து அறத்திற்கு மாற்று ஆகாது. தக்கவாறு ஆராய்ந்து, விரும்பி ஏற்பவனுக்கு அளவறிந்து கொடுக்கும்போது அறத்திற்குத் துணையாகலாம். வகுப்பறையில் இந்நாவலை எடுத்துரைப்போர், பாதிரியாரின் வினாவோடு அச்சிறுமியரின் மௌனத்தையும் சேர்த்தே மாணவர்முன் வைத்தல் வேண்டும். வள்ளுவர் கூறிய மூன்றும் ஒருங்கே நிறைவேறும்போதுதான் அரசின் ஒறுப்பு நீதியாகும்.