உடன்போக்கும் ஓடிப்போக்கும்

'ஓடிப்போனாள்' என்பது நம் தோட்டத்து லயங்களிலும் மலாக்காப் பட்டணத்துத் தெருக்களிலும் ஒரு பெண்ணின்மேல் எறியப்படும் கல்லாகும். அவளோடு சென்ற ஆடவனை அவ்வளவு கடுமையாய்ச் சுடும் சொல் நம் பேச்சில் நிலைபெறவில்லை. 'ஓடுகாலி' என்னும் பட்டம் பெண்ணுக்கே சூட்டப்படுகிறது. ஆயின், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் தமிழர் இச்செயலுக்கு இட்ட பெயர் உடன்போக்கு என்பதாம். ஓட்டம் என்னுஞ் சொல்லில் அச்சமும் குற்றமும் உள. உடன் என்னுஞ் சொல்லில் இருவரது இசைவும் உண்டு. ஒரு சொல் போய் மற்றொரு சொல் வந்ததில் ஒரு சமூகத்தின் நெஞ்சமே மாறியிருக்கிறது. அம்மாற்றத்தைச் சங்கப் பாட்டுக்களைக் கொண்டு ஆராய்வோம்.

பெற்றோரும் பந்தலுமின்றி, மலையடிவாரத்திலோ கடற்கரையிலோ இருவர் தனித்துச் சென்று மணந்துகொள்ளும் வழக்கம் இன்று மேல்நாடுகளில் பெருகி வருகிறது. அசகான் நீர்வீழ்ச்சியின் அருகே நின்று மணப்படம் எடுத்துக்கொள்ள விரும்பும் நம் இளைஞர் சிலர்க்கும் அந்த ஆசை எழுவது இயல்பே. இதனைக் கேட்டவுடன், 'இது வெள்ளைக்காரன் கற்பித்த கேடு' என்று பெரியோர் கூறிவிடுகின்றனர். வெள்ளையர் நாட்டிலும் இதற்கு எதிர்ப்பு இருந்ததென்பதை அவர்கள் அறிதல் வேண்டும். 1753-ல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட விவாகச் சட்டம் இளையோர் மணத்திற்குப் பெற்றோரின் இசைவை வற்புறுத்தியது. அதன்பின் ஆங்கிலக் காதலர் எல்லை கடந்து, ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூருக்கு விரைந்தனர். அங்கே கொல்லனது பட்டறைக்கல்லின் முன், சாட்சிகள் காண, மணந்துகொண்டனர். தடை எங்குண்டோ அங்கு வழியும் உண்டாகும் என்பதையே இது காட்டுகிறது. ஆனால் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இவ்வழி நடந்தவர்கள் நம் பாட்டுக்களில் உளர்.

அப்பாட்டுக்கள் நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளில் மறைந்து கிடந்தவை. கலித்தொகையைச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-லும், ஐங்குறுநூற்றை உ. வே. சாமிநாதையர் 1903-லும், நற்றிணையைப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் 1915-லும் அச்சேற்றினர். நம் பாட்டனார் பலர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது இந்நூல்கள் ஊர்மக்கள் கைக்கு எட்டாதவையாயிருந்தன. அவர்கள் தம்மோடு கொணர்ந்தது சாதிக் கட்டுப்பாட்டையே. உடன்போக்கின் நினைவு உடன் வரவில்லை.

நிற்க. தலைவனும் தலைவியும் ஏன் ஊரை விட்டு அகல்கின்றனர்? புலவர் காட்டும் காரணங்கள் மூன்று. ஊரார் தூற்றும் அலர் ஒன்று. மகளை வீட்டினுள் அடைக்கும் இற்செறிப்பு மற்றொன்று. அவள் விரும்பாத வேற்றவர் மணம் பேசி வரும் நொதுமலர் வரைவு பிறிதொன்று. இம்மூன்றும் பெரியோர் செய்பவையே. இளையோர் செய்வது அவற்றுக்குரிய மறுமொழி. உடன்போக்கைப் பழிப்போர் முதலில் இவ்வரிசையை நோக்குதல் வேண்டும்.

இனி, இப்போக்கு எவ்வாறு திட்டமிடப்படுகிறதென்று காண்போம். திட்டமிடுபவள் பெரும்பாலும் தோழி. காலம் குறிப்பவளும், வழியின் கொடுமையைச் சொல்பவளும், தலைவியைத் தலைவன் கையில் ஒப்படைப்பவளும் அவளே. நற்றிணையின் 12ஆம் பாட்டில் கயமனார் ஒரு விடியற்காலையைக் காட்டுகிறார். வீட்டில் தயிர் கடையும் மத்தின் ஒலி எழும் நேரம். நம் தோட்டங்களில் பெரட்டுக்கு மணியடிக்கும் வேளையை ஒத்தது அது. எல்லாரும் தத்தம் வேலையில் இருக்க, ஒருத்தி வெளியேறுதற்கு அதுவே ஏற்ற பொழுது. தலைவி தன் காற்சிலம்பைக் கழற்றி, தான் விளையாடிய பந்தோடு சேர்த்து வைக்கச் செல்கிறாள். நாளை இவற்றைக் காணும் தன் தோழியர் எவ்வளவு நோவரென்னும் எண்ணம் எழுகிறது. அவள் மனம் புறப்படத் துணிந்துவிட்டது. கண்களோ அவளைக் கேளாமலே நீர் சொரிகின்றன. இதனைத் தோழி தலைவனுக்கு உரைக்கிறாள்.

இங்குச் சிலம்பைக் கவனிக்க வேண்டும். மணத்திற்கு முன் பெண்ணின் சிலம்பைக் கழற்றுவது அக்காலத்து ஒரு சடங்கு. சிலம்புகழி நோன்பு என்பது அதன் பெயர். சுற்றம் சூழச் செய்யவேண்டிய அதனை இப்பெண் தன் கையால், இருளில், தனியே செய்கிறாள். ஓசை கேட்டு ஊர் விழிக்கலாகாதென்பது வெளிப்படைப் பொருள். மணச்சடங்கையும் தானே தொடங்கிவிட்டாளென்பது உட்பொருளென நாம் கொள்கிறோம். உரிமையும் இழப்பும் ஒரே செயலில் அடங்கின. உடன்போக்கை வெறும் இன்பச் செலவாகக் கருதுவோர் இந்தக் கண்ணீரை மறந்தவராவர்.

அதே நூலின் 10ஆம் பாட்டில் தோழி தலைவனிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறாள். இவளது இளமை தளர்ந்து கூந்தல் நரைத்த காலத்தும் இவளைக் கைவிடாதே என்பதே அதன் கருத்து. கொடுப்பார் ஒருவரும் இல்லாத அவ்விரவில் தந்தையின் இடத்தில் நிற்பவள் அத்தோழி. இவ்வுறுதி இல்லாத போக்கு எத்தகையதென்பதற்கு நம் மலாக்காக் கதையே சான்று. ஹங் துவா ஹிக்காயத்தில், பகாங்கின் துன் தேஜா ஹங் துவாவையே நம்பி வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். அவனோ அவளைச் சுல்தானுக்கு உரியவளாக்கிவிடுகிறான். அவளும் வெளியேறினாள், சங்கத் தலைவியும் வெளியேறினாள். எனினும் முன்னது ஏமாற்று, பின்னதே உடன்போக்கு.

வழியின் காட்சியை இனி நோக்குவோம். நற்றிணை 9-ல் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் தலைவன் தன் துணைவியிடம், நிழல் கண்ட இடமெல்லாம் தங்குவாய், மணல் கண்ட இடமெல்லாம் சிற்றில் இழைத்து விளையாடுவாய் என்னும் கருத்துப்படப் பேசுகிறான். கேட்பதற்கு எத்துணை இனிது! ஆனால் நிழலை இவ்வாறு தேடிச் சொல்லவேண்டியிருப்பதே அவ்வழி வெயிலின் வழி என்பதைக் காட்டுகிறது. லேடாங் மலையின் ஈரக்காடன்று அது. நீர் வறண்ட பாலை. பசுமையான குறிஞ்சியில் காதலைத் தோற்றுவித்த புலவர், அக்காதலைச் சோதிக்க மட்டும் பாலையைத் தேர்ந்தனர். அழகிய இடத்தில் அன்பு கொள்வது எளிது. நிழலற்ற இடத்திலும் ஒருவர்க்கொருவர் நிழலாவரோ என்பதே வினா. மணப்படத்திற்கு இடம் தேடும் இளைஞர் இவ்வினாவையும் உடன் கொண்டு செல்வாராக.

அவ்வழியில் இவர்களை எதிர்ப்படுவோர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர்? குறுந்தொகை 7-ல் பெரும்பதுமனார் காட்டும் வழிப்போக்கர், இளைஞனின் காலில் கழலையும் பெண்ணின் காலில் சிலம்பையும் காண்கின்றனர். சிலம்பு இருப்பதால் மணமாகாதவளென்பது அவர்கட்கு விளங்கிவிடுகிறது. ஆயினும் அவர்கள் இகழவில்லை, இரங்குகின்றனர். கலித்தொகை 9-ல் மகளைத் தேடி வரும் செவிலித்தாய்க்குத் துறவோரே ஆறுதல் கூறுகின்றனர். சந்தனம் மலையிற் பிறந்தும் பூசுவோர்க்கே பயன்படுகிறது, முத்து கடலிற் பிறந்தும் அணிவோர்க்கே ஆகிறது, மகளும் அத்தகையள், அவள் சென்ற வழி அறத்தின் வழியே என்பது அவர்தம் கருத்து. உலகைத் துறந்தவர்க்குத் தோன்றிய இக்கருணை, குழாயடியிலும் காப்பிக் கடையிலும் கூடியிருக்கும் நம்மவர்க்குத் தோன்றாததென்னே?

தாயின் துயரையும் புலவர் மறைத்தாரல்லர். குறுந்தொகை 44-ல் வெள்ளிவீதியார் காட்டும் தாய்க்குத் தேடித் தேடிக் கால் ஓய்ந்தது. பார்த்துப் பார்த்துக் கண் ஒளியிழந்தது. அவளைக் குற்றஞ்சாட்ட நமக்கு நா எழவில்லை. ஐங்குறுநூறு 399-ல் ஓதலாந்தையார் காட்டும் தாயோ ஒரு படி மேற்செல்கிறாள். சிலம்பு கழற்றும் சடங்கு உங்கள் வீட்டில் நடந்தாலும் நடக்கட்டும், வதுவையேனும் எங்கள் வீட்டில் நடக்கலாகாதா என்று மாப்பிள்ளை வீட்டாரை வேண்டுகிறாள். இருளில் தனியே கழன்ற சிலம்பு இங்கே இரு குடும்பங்களின் பேச்சாகிவிட்டது. தன் மானத்தினும் மகள் பெரிதென்று கண்ட தாய் இவள்.

இலக்கணமும் இதனை ஏற்றது. உடன்போகிய காலத்தில் கொடுப்போர் இல்லாமலே மணச்சடங்கு நிகழ்தலுண்டு எனத் தொல்காப்பியம் கற்பியலில் விதிக்கிறது. இன்றைய சட்டமும் அதற்கு அயலன்று. 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், முஸ்லிமல்லாதார் மணங்களைப் பதிவு செய்யப் பணிக்கிறது. 21 வயது நிறையாதவர்க்கே பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். அவ்வயது நிறைந்த இருவர்க்குக் கொடுப்போர் தேவையில்லை. தமிழ்நாட்டிலும் புரோகிதரின்றி உற்றார் முன்னிலையில் நிகழும் சீர்திருத்தத் திருமணம் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் செல்லுபடியாயிற்று.

இவற்றால் சங்ககாலம் குறையற்ற காலமென்று நாம் கூறவில்லை. தலைவனது வாக்கு ஒன்றே அப்பெண்ணுக்குப் பாதுகாப்பு. அது பொய்த்தால் அவள் எங்குச் செல்வாளென்பதற்கு விடை அரிது. இன்று பதிவுச் சீட்டு அக்குறையை ஓரளவு தீர்க்கிறது. ஆதலால் இளைஞர்க்கு நாம் சொல்வது இது: மலையோ கடலோ எங்குச் செல்லினும் முதலில் பதிவாளரிடம் செல்லுங்கள். உறுதிமொழிக்குச் சான்றாக ஒரு தோழியையேனும் உடன் கொள்ளுங்கள்.

பெற்றோர்க்குச் சொல்வது இதனினும் சிறிது. மகள் மனத்தை அவள் சிலம்பைக் கழற்றுமுன் கேளுங்கள். சாதியையும் சீரையும் கேட்கும் செவி அதனையும் கேட்குமாயின், விடியுமுன் வெளியேறவேண்டிய தேவை எந்தப் பெண்ணுக்கும் இராது. கேளாமல் இருந்துவிட்டீராயின், பின்னரேனும் ஓதலாந்தையாரின் தாயைப் போல் வாயிலைத் திறந்து வையுங்கள்.