குற்றவாளி இல்லாத கதை: 1298-ல் எழுதப்பட்ட மயிலாப்பூர்

மென்பொருள் துறையில் 'போஸ்ட்மார்ட்டம்' என்று ஒரு சடங்கு உண்டு. நடுராத்திரியில் சர்வர் படுத்துவிட்டால், பிரச்சினை தீர்ந்த பிறகு எல்லோரும் உட்கார்ந்து என்ன நடந்தது என்று எழுதவேண்டும். முக்கியமான விதி, யாரையும் குற்றம் சொல்லக்கூடாது. 'கான்ஃபிகரேஷன் மாற்றப்பட்டது' என்று எழுதுவோம். மாற்றியது யார் என்று எழுதமாட்டோம். இத்தனை வருஷம் இதை எழுதியதில் எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. கதைக்குள் யார் பெயரும் இருக்காது. ஆனால் கடைசியில் 'இனி இந்த டீமுக்கு அனுமதி கிடையாது' என்று ஒரு வரி வரும். குற்றவாளி அந்த வரியில்தான் இருப்பார்.

மார்க்கோ போலோவின் பயணநூலில் புனித தோமாவின் கல்லறை பற்றிய பகுதியை வாசித்தபோது எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வந்தது.

அந்த நூல் 1298-ல் உருவானது. ஜெனோவாவின் சிறையில் வெனிஸ்காரரான போலோ சொல்லச் சொல்ல, சக கைதியான பீசா நகரத்து ருஸ்டிகெல்லோ எழுதினார். ருஸ்டிகெல்லோ ஆர்தர் மன்னரின் வீரக்கதைகளை எழுதிப் பழகியவர். ஆக நம் கையில் இருப்பது ஒரு வியாபாரியின் நினைவும் ஒரு கதைசொல்லியின் கையும் கலந்த பிரதி. நாம் அதை அப்படியா வாசிக்கிறோம்? தமிழில் மார்க்கோ போலோ ஒரு சான்றிதழ். கடன் கொடுத்தவன் தரையில் போட்ட வட்டத்துக்குள் பாண்டிய அரசனே நின்றான், பார்த்தீர்களா எங்கள் நேர்மையை என்போம். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார், பார்த்தீர்களா எங்கள் செல்வத்தை என்போம். குதிரைகளைப் பராமரிக்கத் தெரியாமல் வருஷாவருஷம் சாகவிடுகிறார்கள் என்று அவர் எழுதியதை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. இன்னொரு பக்கம், சாந்தோம் யாருடையது என்ற சண்டையில் இரண்டு தரப்பும் அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகின்றன.

நான் கல்லறைப் பகுதியை ஒரு கதையாக வாசிக்கவே விரும்புகிறேன். 'மயிலாப்பூர்' என்ற பெயரே அதில் இல்லை. மாபார் என்று அரபு வணிகர்கள் அழைத்த சோழமண்டலக் கரையில், வியாபாரிகள் அதிகம் வராத ஒரு சின்ன ஊர், அவ்வளவுதான். அங்கே ஒரு துறவியின் கல்லறை. கிறித்தவர்களும் முஸ்லிம்களும் அதைத் தேடி வருகிறார்கள். அவர் இறந்த இடத்து மண்ணை எடுத்துப்போய் முறைக்காய்ச்சல் வந்தவர்களுக்குக் கரைத்துக் கொடுக்கிறார்கள். 1288-ல் ஒரு பெரிய மனிதர், யாத்ரீகர்கள் தங்கும் வீடுகளில் தன் அரிசியைக் கொட்டி நிரப்பிவிடுகிறார். கெஞ்சிப் பார்த்தும் கேட்கவில்லை. ராத்திரி தோமாவே கையில் கவைக்கோலோடு வந்து அவர் கழுத்தில் வைத்து மிரட்டுகிறார். விடிந்ததும் வீடுகள் காலி. யாருக்கு இங்கே தங்க இடம் என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதில்லை போல.

பிறகு தோமாவின் மரணம். காட்டில், சுற்றிலும் மயில்கள் நிற்க, அவர் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறார். 'கோவி' என்ற இனத்தைச் சேர்ந்த ஒருவன் மயிலைக் குறிவைத்து அம்பு விடுகிறான். துறவி அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. அம்பு அவருடைய வலது விலாவில் பாய்கிறது. ஊரின் பெயர் தெரியாதவரின் கதைக்குள் மயில் மட்டும் எப்படியோ நுழைந்துவிட்டது. அம்பாளே மயிலாக வந்து பூசித்த தலம் என்று கபாலீசுவரர் கோயிலின் புராணம் சொல்லும் ஊர் இது. இரண்டு மயிலுக்கும் தொடர்பு உண்டா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. என் கண்ணில் பட்டது வேறு. இந்தக் கதையில் வில்லன் இல்லை. பரங்கிமலையில் அவரை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள் என்று இன்று சொல்லப்படும் கதையில் கொலைகாரன் இருக்கிறான். போலோவின் கதையில் இருப்பது ஒரு விபத்து மட்டுமே.

அதே 1298-ல் ஐரோப்பாவில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மானிய நிலத்தில் ரோட்டிங்கன் என்ற சிற்றூரில், யூதர்கள் நற்கருணை அப்பத்தை அவமதித்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி. ரின்ட்ஃப்ளைஷ் என்பவனின் தலைமையில் கிளம்பிய கும்பல் ஊர் ஊராக யூதர்களைக் கொன்றது. ஜூலை 2 அன்று அரசன் அடால்ஃப் போர்க்களத்தில் செத்தான். தடுக்க வேண்டிய அதிகாரம் அரியணைச் சண்டையில் இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று நியூரம்பெர்க்கில் கொல்லப்பட்டவர்களில் மொர்தெகாய் பென் ஹில்லெல் என்ற பெரும் அறிஞரும் ஒருவர்.

முதல் வாசிப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் சந்தோஷப்பட்டேன். அங்கே வில்லனை உண்டாக்கிய கதை, இங்கே வில்லனே இல்லாத கதை. கட்டுரைக்கு நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அப்புறம் சில பக்கங்கள் பின்னால் போனேன்.

கல்லறைக்கு முந்தைய பகுதியில், மாபாரின் பழக்கவழக்கங்களைச் சொல்லும்போதே கோவிகள் வந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், இவர்கள் தானாகச் செத்த மாட்டைத் தின்பவர்கள் என்று அறிமுகம். இவர்களுடைய முன்னோர்தான் தோமாவைக் கொன்றவர்கள் என்கிறது நூல். அதனால் இவர்களில் ஒருவர்கூட அந்தக் கல்லறை இருக்கும் இடத்துக்குள் நுழைய முடியாது. இருபது பேர் சேர்ந்து பிடித்து நிறுத்தினாலும் நிற்கவைக்க முடியாதாம்.

வரிசையைக் கவனியுங்கள். தடை முதலில் வருகிறது, காரணம் பிறகுதான் வருகிறது. தடையைச் சொல்லும் இடத்தில் 'கொன்றார்கள்'. கதையைச் சொல்லும் இடத்தில் 'தெரியாமல் பட்டுவிட்டது'. தெரியாமல் பட்ட ஓர் அம்புக்கு ஒரு இனமே தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிற்கிறது. யாரும் தடுக்கவில்லை, அவர்களால்தான் நுழைய முடியவில்லை என்று அதை அற்புதமாகவும் ஆக்கியாயிற்று. செத்த மாட்டைத் தின்பவர்களை வாசலில் நிறுத்தும் வழக்கம் முன்பே இருந்திருக்கும், அம்பும் மயிலும் அதற்குப் பிறகு வந்து சேர்ந்திருக்கும் என்பது என் வாசிப்பு. கோயில் நுழைவுக்கு 20-ஆம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்த ஊர்க்காரர்கள் நாம். இந்த உத்தி நமக்குப் புரியாமல் இருக்காது.

நியூரம்பெர்க்கையும் மயிலாப்பூரையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். கொலை வேறு, விலக்கு வேறு. ஆனால் அங்கே காரணம் கத்திச் சொல்லப்பட்டது. இங்கே மென்மையாக, யார்மீதும் கோபமில்லாமல், மயில்கள் சூழச் சொல்லப்பட்டது. எழுநூறு வருஷம் கழித்து வாசிக்கும் நானும் முதல் தடவை ஏமாந்துபோனேன். பிரதியின் நிஜமான பலம் அதுதான்.

போன வருஷம் சித்திரக்குளம் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். ஓனர் ரொம்பத் தன்மையான மனிதர். காபி கொடுத்தார். வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டு, "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. "உங்களைச் சொல்லலை தம்பி. முன்னாடி இருந்தவங்களால கீழ் வீட்டுப் பெரியவங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாயிடுச்சு" என்றார். யார் மேலும் தப்பில்லாத கதை.

நானே எழுந்து வந்துவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.